‘போடல’ எப்படி ‘போட்டேன்’ ஆனது: ஒலிப்பதிவுகளை ஏஐ வைத்து எழுத்தாக்கிய ஒரு வேலை

ஒரு தொழிற்சங்கத்தின் பழைய உறுப்பினர்களைப் பேச வைத்துப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் ஒரு பென்டிரைவ் நிறைய வந்து சேர்ந்தன. பேசியவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். பதிவு செய்தவர்களோ ஆளுக்கொரு போன் வைத்திருந்த இளைஞர்கள். சிலது அமைதியான அறையில் மேசை மேல் போனை வைத்து எடுத்தது, சிலது மின்விசிறிக்கு நேர் கீழே, சிலது வாட்ஸாப்பில் குரல் செய்தியாக வந்து நாலு கை மாறியது. இதையெல்லாம் எழுத்தாக்கி, அதிலிருந்து ஒரு தொகுப்பு நூல் போடவேண்டும் என்பது திட்டம். பழகிய கைக்கே ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நான்கு மணி நேரமாவது ஆகும் என்பதால், கையால் அடிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் சோர்ந்துபோய், ஏஐயில் போட்டால் ஒரு ராத்திரியில் முடிந்துவிடுமே என்று கேட்டார்கள்.

இயந்திரம் செய்யவேண்டிய பங்கு உண்மையிலேயே சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேலை.

கருவியைத் தேடுவதற்கு முன்னால் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: இந்த எழுத்து எதற்கு? கூட்டத்தில் என்ன முடிவானது என்று தெரிந்தால் போதும் என்றால், பாதிப் பிழையோடு வரும் எழுத்துகூட உதவும். எந்தக் கோப்பில் யாரைப் பற்றிப் பேச்சு வருகிறது என்று தேடுவதற்குத்தான் என்றால் இன்னும் சுலபம், பெயரும் ஊரும் தோராயமாக விழுந்தாலே போதும். ஆனால் இங்கே ஒருவர் பெயரைப் போட்டு, அவர் இப்படிச் சொன்னார் என்று அச்சில் ஏற்றப் போகிறோம். வேலைநிறுத்தத்தில் யார் என்ன செய்தார்கள், யார் எந்தப் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள், யார் எதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அந்த அளவுக்கு இது சாட்சியம். ஆகவே, சொன்னது சொன்னபடி எழுத்தில் வரவேண்டும், திருத்துவதும் சுருக்குவதும் தொகுப்பாசிரியர் பிறகு செய்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது முடிவு, கோப்புகளை வெளியே எந்த இணையச் சேவையிலும் ஏற்றக்கூடாது என்பது. பேசியவர்கள் நூலுக்குத்தான் சம்மதித்தார்கள். தங்கள் குரல் எங்கோ ஒரு சர்வரில் போய்க் கிடப்பதற்கு அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்யலாம்தான், ஆனால் ஒன்றிரண்டு பேர் இப்போது இல்லை. ஆகவே நம் கணினியிலேயே ஓடக்கூடிய கருவிதான் வேண்டும் என்றானது.

கருவி

இந்த இடத்தில், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் தவிர வேறு பெயர் முதலில் மனதில் வராது. ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் இதை வெளியிட்டது, நிரலும், பயிற்றுவித்த மாதிரியும் (மாடல்) இலவசமாகவே கிடைக்கின்றன, இணையம் இல்லாமலும் ஓடும். முதல் வெளியீட்டை 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றுவித்தார்கள். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் பங்கு எல்லாம் சேர்த்து 1,17,000 மணி நேரம்தான். தமிழ் அந்தக் கூட்டத்தில் ஒன்று. அளவில் ஐந்து வகை: 3.9 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாதிரி தனக்குள் சரிசெய்துகொள்ளும் எண்கள்) கொண்ட ‘டைனி’யில் தொடங்கி 155 கோடி கொண்ட ‘லார்ஜ்’ வரை. ஆங்கிலத்துக்குச் சின்ன மாதிரிகளே ஓரளவு ஒப்பேற்றும், தமிழுக்கு ‘லார்ஜ்’ தவிர மற்றதை எடுத்து நேரத்தை வீணாக்கவேண்டாம் என்பது என் கருத்து. 2023 நவம்பரில் வந்த ‘லார்ஜ்-வி3’ மாதிரியை, ஃபாஸ்டர்-விஸ்பர் என்ற வேகமான வடிவத்தில், கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினியில் ஓட்டினோம். 2024-ல் வந்த ‘டர்போ’ இதைவிட வேகம். எழுத்தை உருவாக்கும் பகுதியில் இருந்த 32 அடுக்குகளை 4 ஆக வெட்டியதால் வந்த வேகம் அது. அதைக் கோப்புகளை மேலோட்டமாகத் தேடிப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் பிழைகள் புரியும். ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது, ஒவ்வொன்றையும் அலைவரிசைப் படமாக மாற்றுகிறது, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே எழுத்தை ஒவ்வொரு சின்னத் துணுக்காக ஊகித்து எழுதுகிறது. அடுத்த துணுக்கு என்ன என்பதை ஒலியை மட்டும் வைத்து அது தீர்மானிப்பதில்லை. இதுவரை தான் எழுதியதையும் சேர்த்தே பார்க்கிறது. அதாவது காதும் கொஞ்சம், கற்பனையும் கொஞ்சம். ஒலி தெளிவாக இருந்தால் காது ஜெயிக்கும். ஒலி மங்கும்போது கற்பனை முன்னால் வந்துவிடும், அந்தக் கைமாற்றம் எந்த இடத்தில் நடந்தது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

முதல் ஓட்டம்

நல்ல பதிவுகளில் வந்த எழுத்தைப் பார்த்து அசந்துபோனோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பேசிய கோப்பில், பக்கம் பக்கமாகக் கை வைக்கவே தேவையில்லாமல் இருந்தது. நிறுத்தற்குறிகூட ஓரளவு சரியாக விழுந்திருந்தது. இதே கோப்பைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்த தம்பி முகத்தைப் பார்க்கவேண்டுமே.

மற்றவை அப்படி இல்லை. ஒரு கோப்பு முழுக்க ஆங்கிலத்தில் வந்தது, அதுவும் சரளமான ஆங்கிலத்தில். காரணம் எளியது: மொழி எது என்று நாம் சொல்லாவிட்டால் விஸ்பர் முதல் 30 விநாடியைக் கேட்டுத் தானே முடிவு செய்யும். அந்தப் பதிவின் தொடக்கத்தில், பதிவு செய்த தம்பி தேதியையும் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு ஆங்கிலம் என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு வந்த தமிழையெல்லாம் மொழிபெயர்த்தே தள்ளிவிட்டது. மொழி தமிழ், வேலை எழுத்தாக்கம் என்று இரண்டு அமைப்பையும் நாமே குறிப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விஸ்பர் பற்றி யார் புலம்பினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அப்புறம் வந்தது சுற்றல். ‘அப்போ நாங்க எல்லாரும்’ என்ற ஒரே தொடர் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப. மாதிரி தான் முன்பு எழுதியதையே பார்த்து எழுதுவதால், ஒருமுறை தடம் மாட்டிக்கொண்டால் அதிலிருந்து வெளியே வர முடிவதில்லை. முந்தைய துண்டின் எழுத்தை அடுத்த துண்டுக்குக் கொடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை நிறுத்தியதும் சுற்றல் பெருமளவு போய்விட்டது. பதிலுக்குப் பெயர்கள் துண்டுக்குத் துண்டு வேறு வேறு எழுத்தில் வர ஆரம்பித்தன. பரவாயில்லை, தப்பான பெயரைக் கண்ணால் பிடித்துவிடலாம்.

பெயர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஓட்டும் முன்பே ஒரு சின்ன முன்குறிப்பில் முக்கியமான பெயர்களையும் தொழில் சொற்களையும் எழுதிக் கொடுத்தால், அந்தப் பக்கம் சாய்ந்து எழுதும். இதற்கு 224 டோக்கன் (மேலே சொன்ன சின்னத் துணுக்கு) வரை இடம் உண்டு. கேட்க நிறைய மாதிரித் தோன்றும், தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்று கணினியில் ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘பொறியாளர்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறியீடு, 27 பைட். விஸ்பர் சொற்களைப் பைட் அளவில் வெட்டித்தான் டோக்கன் ஆக்குகிறது, அதனால் ஒரே செய்தியைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கூடுதல் டோக்கன் செலவாகும். முன்குறிப்பில் பெயர்ப் பட்டியலைக் கொட்டமுடியாது என்பது ஒரு விளைவு. வேகமாகப் பேசுபவரின் 30 விநாடித் துண்டு டோக்கன் வரம்பில் முட்டி, கடைசிப் பகுதி விழாமலே போக இடமிருக்கிறது என்பது இன்னொன்று. துண்டின் நீளத்தைக் குறைத்து ஓட்டியது இதற்காகத்தான்.

மௌனம்

வயதானவர்கள் பேசும்போது நடுவில் நிறுத்துவார்கள். யோசிப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், சில சமயம் கண் கலங்கி நிற்பார்கள். அந்த இடங்களில் இயந்திரம் சும்மா இருப்பதில்லை. ஒருவர் தன் நண்பர் இறந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார், எழுத்தில் அடுத்த வரி: ‘வீடியோவைப் பார்த்ததற்கு நன்றி’. விஸ்பரைப் பயன்படுத்திய பலரும் பல மொழிகளில் பார்த்திருக்கும் வரி இது. மௌனத்தில் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால், காணொளிகளின் கடைசியில் வழக்கமாக வரும் வசனத்தை எடுத்து விடுகிறது.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலிசன் கோனெக்கியும் சக ஆய்வாளர்களும் 2024-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மூளைப் பாதிப்பால் பேச்சு தடைப்படும் அஃபேசியா நோயாளிகளின் பதிவுகளையும், அந்தப் பாதிப்பு இல்லாதவர்களின் பதிவுகளையும் விஸ்பருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 1 சதவீதப் பதிவுகளில், பேசாத சொற்றொடர்களும் முழு வாக்கியங்களும் எழுத்தில் வந்திருந்தன. அப்படிக் கற்பனையாக வந்தவற்றில் 38 சதவீதம் வன்முறை, தவறான தொடர்புபடுத்தல் போன்ற தீங்கு தரும் வகை. எங்களுக்கு உறைத்த செய்தி அதற்கு அடுத்தது: பேச்சில்லாத இடைவெளி அதிகமாக உள்ளவர்களின் பதிவில்தான் இது அதிகம் நடக்கிறது. நம் கோப்புகளில் பாதி அந்த வகைதான்.

பேச்சு உள்ள பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டி ஒன்றை முன்னால் வைத்ததும் நன்றி வரிகள் கிட்டத்தட்ட மறைந்தன. ஆனால் அதன் அளவை மிகக் கடுமையாக வைத்தால், மெல்லிய குரலில் ‘ஆமா’ என்றோ ‘இல்ல’ என்றோ சொன்னதையும் மௌனம் என்று தள்ளிவிடும். இளைஞர் நீளமாகக் கேள்வி கேட்டு, பெரியவர் ஒரு சொல்லில் பதில் சொல்லும் இடங்களில் அந்த ஒரு சொல் போனால் மிச்சம் கேள்விதான். ஆகவே தளர்வாக வைத்துக்கொண்டு, வருகிற குப்பையைக் கையால் நீக்கினோம்.

இரைச்சலைப் போக்கும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மின்விசிறிச் சத்தம் போனது, கூடவே மெல்லின ஒலிகளும் தேய்ந்தன. காதுக்கு இனிமையாகக் கேட்ட கோப்பு மாதிரிக்குக் கடினமாக இருந்தது. அசல் கோப்பையே கொடுத்தோம்.

போடல

இப்போது தலைப்பில் உள்ள விஷயம்.

பேச்சுத் தமிழில் மறுப்பு ஒரு சின்ன ஒலிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘வரல’, ‘பாக்கல’, ‘சொல்லல’, ‘தெரியல’. கடைசியில் வரும் அந்த ‘ல’ வாக்கியத்தின் பொருளையே திருப்பிப் போடும், ஆனால் அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பல் இல்லாதவர் சொன்னால், மூச்சு வாங்கச் சொன்னால், அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொன்னால் அது காற்றோடு போய்விடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முகமும் கையசைவும் தெரிவதால் சிக்கல் இல்லை. போனுக்கு அது தெரியாது.

ஒரு கோப்பில் ஒருவர் நிர்வாகத்தோடு போட்ட ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறார். ‘எல்லாரும் போட்டாங்க, அந்தக் கடுதாசில நான் கையெழுத்துப் போடல, கடைசி வரைக்கும்’. விஸ்பர் எழுதியது: ‘எல்லாரும் போட்டாங்க அந்த கடுதாசில நான் கையெழுத்து போட கடைசி வரைக்கும்’. ‘ல’ விழவில்லை. வாக்கியம் உடைந்து, அர்த்தமில்லாமல் நிற்கிறது. இது வரை கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் இதைப் படிக்கிற யாருக்கும் ஏதோ இடிக்கிறது என்று தெரியும், ஒலியைப் போட்டுக் கேட்பார்கள்.

கெட்டது அடுத்த கட்டத்தில். எழுத்தைச் செம்மைப்படுத்த, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி ஒன்றிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று குழுவில் யோசனை வந்தது. கணினியிலேயே ஓடும் ஒன்றை எடுத்துச் சில கோப்புகளைச் சோதனையாகக் கொடுத்தோம். பிழை திருத்து, எதையும் சேர்க்காதே, குறைக்காதே என்று தெளிவாகச் சொல்லித்தான். திரும்பி வந்தது: ‘எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அந்தக் கடிதத்தில் நானும் கடைசியாகக் கையெழுத்துப் போட்டேன்.’ இலக்கணம் சுத்தம், நிறுத்தற்குறி சுத்தம். ‘நான்’ என்பது ‘நானும்’ ஆகி, ‘கடைசி வரைக்கும்’ என்பது ‘கடைசியாக’ ஆகி, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து அழகாக நிற்கிறது. வாழ்நாள் முழுக்க ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒன்று அப்படியே தலைகீழ்.

இதைப் பிடித்தது மெய்ப்புப் பார்க்கும் அக்கா. எப்படிப் பிடித்தார் என்றால், ஒலியைக் கேட்டு அல்ல. அதே கோப்பில் பத்துப் பக்கம் தள்ளி, ‘அதனாலதான் எனக்குப் பதவி உயர்வு வரவே இல்ல’ என்று அவர் சொல்கிறார். “கையெழுத்துப் போட்டவருக்கு எதுக்குப்பா பதவி உயர்வு நிறுத்தப் போறாங்க? அந்த இடத்தை எனக்குப் போட்டுக் காமி” என்றார். போட்டுக் காட்டினோம். முதல் தடவையிலேயே ‘ல’ கேட்டது அவருக்கு. எனக்கு ஹெட்போன் வைத்த பிறகுதான் கேட்டது.

இந்த வேலையில் நான் கற்றது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். முதல் இயந்திரம் பிழை செய்தபோது ஒரு தழும்பை விட்டுப் போனது. இரண்டாவது இயந்திரம் அந்தத் தழும்பைத் துடைத்தது. அது ஒலியைக் கேட்டதே இல்லை, அதன் கையில் இருந்தது எழுத்து மட்டும், அந்த எழுத்தை வாசிக்கத் தகுந்ததாக ஆக்குவதுதான் அதற்குச் சொன்ன வேலை, அதைச் செம்மையாகச் செய்தது. நாம் தேடவேண்டிய இடங்களையெல்லாம் தேடவே முடியாதபடி ஆக்கிவிட்டது. இப்போது பல செயலிகள் எழுத்தாக்கம், செம்மைப்படுத்தல், சுருக்கம் மூன்றையும் ஒரே பொத்தானில் செய்து கொடுக்கின்றன, நடுவில் என்ன நடந்தது என்று காட்டுவதும் இல்லை. கூட்டக் குறிப்புக்கு அது போதும். சாட்சியத்துக்கு அதைத் தொடக்கூடாது.

அதற்குப் பிறகு மொழி மாதிரிக்குக் கொடுத்த ஒரே வேலை, இடிக்கிற வரிகளைக் குறிப்பது. திருத்தாதே, இந்த வரி சந்தேகம் என்று மட்டும் சொல். அதில் அது உருப்படியாக உதவியது.

மதிப்பெண்

எவ்வளவு சரியாக வருகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஓர் அளவு இருக்கிறது, சொற்பிழை வீதம். மாறிய சொல், விடுபட்ட சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். கருவி விற்பவர்கள் காட்டும் சதவீதங்கள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவை. நம் மாதிரி வேலைக்கு இது எவ்வளவு உதவும் என்று ஒரு வாக்கியத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

சொன்னது: ‘எனக்கு அவரைத் தெரியல ஆனா அவர் தம்பிய நல்லா தெரியும்’. எட்டுச் சொல்.

ஒரு கருவி இப்படி எழுதுகிறது: ‘எனக்கு அவரைத் தெரியவில்லை ஆனால் அவர் தம்பியை நன்றாகத் தெரியும்’. பொருள் அப்படியே இருக்கிறது, எழுத்து நடைக்கு மாற்றிவிட்டது, அவ்வளவுதான். நான்கு சொல் மாறியதால் பிழை வீதம் 50 சதவீதம். இன்னொரு கருவி இப்படி: ‘எனக்கு அவரைத் தெரியும் ஆனா அவர் தம்பிய நல்லா தெரியும்’. ஒரே ஒரு சொல் மாறியிருக்கிறது, 12.5 சதவீதம். மதிப்பெண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் நான்கு மடங்கு நல்ல கருவி.

தமிழில் இதோடு சொல்லைப் பிரிக்கும் சிக்கலும் சேரும். ‘வந்துகொண்டிருந்தார்’ என்று நாம் சேர்த்து எழுதி, கருவி ‘வந்து கொண்டிருந்தார்’ என்று பிரித்து எழுதினால், ஒரு சொல் மாறியது, ஒரு சொல் கூடியது, ஆக இரண்டு பிழை. இதற்கு எழுத்துப்பிழை வீதம் கொஞ்சம் நியாயமான அளவு. அதுவும்கூட ‘ல’ போனதை ஓர் எழுத்து என்றுதான் எண்ணும். நாங்கள் வீதம் பார்ப்பதை விட்டுவிட்டு, சோதனைக்காகத் தேர்ந்தெடுத்த சில பக்கங்களில் மறுப்பு, எண், பெயர் இந்த மூன்றில் எத்தனை தவறு என்று மட்டும் பார்த்தோம். எண்களில் அறுபதும் எழுபதும் அடிக்கடி இடம் மாறின, ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒலியோடு ஒப்பிடவேண்டி வந்தது.

சரிபார்த்த விதம்

எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டுச் சரிபார்ப்பதுதான் முறை, அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் எங்கே கவனத்தைக் கூட்டவேண்டும் என்று சொல்ல இயந்திரத்தையே பயன்படுத்தலாம். அதற்கு நன்றாக உதவியது, வேறு வகை மாதிரி ஒன்றை அதே ஒலியில் ஓட்டி, இரண்டும் வேறுபடும் இடங்களை வண்ணமிட்டுக் காட்டியது. சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பேச்சுணரி மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் சில, வாக்கியத்தை அழகாக்க மெனக்கெடாமல், கேட்ட ஒலிக்கு நெருக்கமாக எழுதும் வகை. தனியாகப் படித்தால் கரடுமுரடாக இருக்கும். விஸ்பர் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்தால், விஸ்பர் கற்பனையில் இறங்கிய இடம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அங்கே விஸ்பரிடம் ஒரு முழு வாக்கியம் இருக்கும், இதனிடம் ஒன்றுமே இருக்காது. இரண்டும் ஒரே மாதிரித் தவறினால் இந்த உபாயம் பலிக்காது, அதனால்தான் முழுதாகக் கேட்பதை விடவில்லை.

கேட்டவர்களுக்கு வைத்த விதிகள் சில. ‘ல’வில் முடியும் சொல் எது வந்தாலும் நிறுத்தி மறுபடி கேட்கவேண்டும். மறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாதது போலத் தோன்றினாலும் அப்படியே. எத்தனை தடவை கேட்டும் பிடிபடாவிட்டால் ஊகித்து எழுதாமல், நேரத்தைக் குறித்து ‘கேட்கவில்லை’ என்று அடைப்புக்குள் போட்டுவிடவேண்டும். இதைச் செய்ய வைப்பதுதான் கடினமாக இருந்தது. மனிதர்களுக்கும் வெற்றிடத்தை நிரப்பும் ஆசை உண்டு, இயந்திரத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. பேசியவர் உயிரோடு இருந்தால் அந்த வரிகளை மட்டும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

யார் பேசியது என்று பிரிப்பதற்கு விஸ்பர்எக்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினோம். இரண்டு பேர் மாறி மாறிப் பேசும் பதிவில் நன்றாகவே பிரித்தது. மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசிய பதிவில் கையை விரித்துவிட்டது, நாங்களும்தான்.

மோசமான கோப்புகளுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டோம். முதல் சில நிமிடங்களில் இரண்டு வரிக்கு ஒரு வரி திருத்தவேண்டி வந்தால், இயந்திர எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பாதி சரியான எழுத்தைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கிறது, அதோடு கண் அதிலுள்ள தவறான சொல்லையே கேட்க ஆரம்பித்துவிடுகிறது. இந்தக் கோப்புகளுக்கு மறுபேச்சு முறையைக் கையாண்டோம்: ஒருவர் ஹெட்போனில் பெரியவர் பேசுவதைக் கேட்டு, அதையே வார்த்தை மாறாமல் தன் குரலில் தெளிவாகத் திருப்பிச் சொல்வார், அந்தக் குரலை விஸ்பர் எழுதும். நேரலை நிகழ்ச்சிகளுக்கு வசனவரி போடுபவர்கள் பல காலமாகச் செய்வது இது. திருப்பிச் சொல்பவர் ‘போடல’ என்பதில் ‘ல’வைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும், அது விழுந்துவிடும். தட்டச்சு தெரியாத, ஆனால் பெரியவர்களின் பேச்சு நன்றாகப் புரியக்கூடிய இரண்டு பேர் இந்த வேலையில் எங்கள் எல்லோரையும்விட வேகமாக இருந்தார்கள்.

இனிப் பதிவு செய்யப்போகிறவர்களுக்கு: போனைப் பேசுபவர் பக்கத்தில் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், முதல் 30 விநாடியைத் தமிழிலேயே பேசுங்கள். கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் தனித்தனி மைக் இருந்தால் இரண்டையும் தனித்தனித் தடமாக வைத்திருங்கள், கலந்துவிடாதீர்கள். அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னால், ‘அப்போ நீங்க போடவே இல்லையா?’ என்று முழு வாக்கியமாகத் திருப்பிக் கேளுங்கள். எந்த மென்பொருளும் செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்யும்.

கிடைத்தது

நல்ல கோப்புகளில் மிச்சமான நேரம் கணிசமானது, சுமாரானவற்றில் கொஞ்சம், மோசமானவற்றில் மறுபேச்சு இல்லாவிட்டால் நஷ்டம்தான். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கோப்புகள் ஒரே பெயரில் பத்திரமாக இருக்கின்றன: அசல் ஒலி, விஸ்பர் கொடுத்த கைபடாத எழுத்து, சரிபார்த்த எழுத்து. சரிபார்த்த எழுத்தில் ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் நேரக் குறி இருக்கிறது, நூலில் ஒரு வரியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ஒலியில் அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். கையெழுத்துப் போடாதவரின் பக்கங்களை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது என்றவர், ‘கடுதாசி’யைக் ‘கடிதம்’ என்று மாற்றிவிடுங்கள், அச்சில் வருவது மரியாதையாக இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். மாற்றிவிட்டோம். மூன்று பேர் சேர்ந்து பேசிய அந்தப் பதிவு மட்டும் எழுத்தாகவில்லை. யார் யார் இருக்கிறார்கள், எதைப் பற்றிப் பேச்சு என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதி ஒலியாகவே விட்டிருக்கிறது.